இடப்பக்கத்துச் சந்தேகம்

மஸாலோ முட்டை வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்குக் காட்டி, காதோரம் குலுக்கி, விற்பவளின் முகத்தையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள். நாட்டின் வடக்கே, காரா ஊர்ச் சந்தையில் அவள் தலை தெரிந்தாலே முட்டைக்காரிகள் வேறு வேலையில் மும்முரமாகிவிடுவார்கள். "அந்தக் கணக்கு டீச்சருக்கு விக்கணும்னா கோழியையே கூட்டியாந்து சாட்சி சொல்ல வைக்கணும்" என்று ஒருத்தி சொன்னது அவள் காதுக்கே வந்தது. அவள் கோபப்படவில்லை. அப்படிச் சொன்னவளின் முட்டையை மட்டும் அதற்குப் பிறகு இரண்டு தடவை குலுக்கினாள்.

பள்ளியிலும் இதே கதைதான். பரீட்சை என்றால் ஒரு வரிசைக்கு ஒரு கேள்வித்தாள். பையன்கள் தண்ணீர் குடிக்கப் போனால் குவளைக்குள்ளும் எட்டிப் பார்ப்பாள். ஆசிரியர் அறையில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனதில்லை. பெண் கேட்டு வந்தவர்களையும் முட்டையைப் போலவே குலுக்கிப் பார்த்தாள். நாற்பது வயது தாண்டியும் தனியாகவே இருந்தாள்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன். மஸாலோ பிறவியிலேயே இடது கைக்காரி. எங்கள் பக்கத்தில் இடது கையால் ஒரு பொருளை நீட்டினால் வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் அப்பாவும் அப்படித்தான். சின்னப் பெண் நீட்டிய தண்ணீரை வாங்காமல் தாகத்தோடே உட்கார்ந்திருப்பார். ஊர்ப் பள்ளியில் வாத்தியார் அவள் இடது கையைத் துணியால் பெஞ்சுக் காலோடு கட்டிவைத்தார். அப்படித்தான் அவள் வலது கையால் எழுதப் படித்தாள். இன்றும் கரும்பலகையில் அவள் எழுத்து, காற்றில் சாய்ந்த வேலி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் காய் நறுக்கும் கத்தி இடது கைக்கு மாறும். தன்னிடம் ஒன்றை ஒளித்துவைத்திருப்பவளுக்கு ஊரில் எல்லாரும் எதையோ ஒளிப்பதாகத்தானே தோன்றும்?

அவள் பிரியமாக நடத்திய பாடம் ஒன்றே ஒன்று, எல்லைகள். சந்தேகப் பிராணிகளுக்கென்றே செய்த பாடம் அது. x கூட்டல் ஒன்றை x கழித்தல் இரண்டால் வகுக்கும் ஒரு சார்பை எழுதிப்போட்டு, "இப்ப x ரெண்டா இருந்தா என்ன வரும்?" என்பாள். கீழே பூச்சியம் வருகிறது, வகுக்க முடியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

"அப்ப ரெண்டுல போய்க் கேக்காதே. அந்த வீட்டுல ஆள் இல்லை. ரெண்டு பக்கத்து வீட்டுலயும் கேளு. ஆனா தனித்தனியாக் கேளு, ஒருத்தன் சொல்றது இன்னொருத்தன் காதுல விழக் கூடாது."

வலப்பக்கத்து வீடு என்றால் இரண்டை விடக் கொஞ்சம் பெரிய எண்கள். இரண்டு புள்ளி ஒன்று போட்டால் விடை முப்பத்தொன்று. இரண்டு புள்ளி பூச்சியம் ஒன்று போட்டால் முந்நூற்றொன்று. நெருங்க நெருங்க, நீ எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதையும் தாண்டிப் போகும். அதற்கு மிகை முடிவிலி என்று பெயர். இடப்பக்கத்து வீடு என்றால் ஒன்று புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது. அங்கே கீழே வருவது சின்னஞ்சிறு குறை எண். விடை குறை இருபத்தொன்பது, குறை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று பாதாளத்துக்கு இறங்குகிறது. அது குறை முடிவிலி.

"முடிவிலின்னா ஒரு எண்ணுன்னு நினைக்காதே. நிக்காம ஓடுறதுக்கு வெச்ச பேரு அது. சமக்குறி போட்டதால அங்க போய் உக்காந்துட்டுதுன்னு எவனாவது எழுதினான்னா மார்க்கைக் கிழிச்சிருவேன். ரெண்டு சாட்சியும் ஒரே பதிலைச் சொன்னாத்தான் எல்லை இருக்குன்னு அர்த்தம். இங்க ஒருத்தன் மேலன்றான், ஒருத்தன் கீழன்றான். அதனால நடுவுல சுவரு." இதைச் சொல்லி, கரும்பலகையில் சார்புக்குப் போட்ட அட்டவணையில் இரண்டுக்கு நேராக இரட்டைக் கோடு போடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் குறை முடிவிலி, அந்தப் பக்கம் மிகை முடிவிலி.

அந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வின் விடைத்தாள் திருத்த அவளைத் தெற்கே அட்டாக்பாமே ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் மலையைச் சுற்றி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நீள மேசைகள், மேசைக்கு இரண்டு பேர். விடைத்தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் எண்தான். விடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு குறி இருந்தால்கூட, திருத்துகிறவருக்கு அடையாளம் காட்டப் போட்டதென்று வைத்து, அந்தத் தாள் செல்லாது. பிள்ளைக்கு அந்த வருடமும் போகும், அடுத்த சில வருடங்கள் தேர்வெழுதவும் தடை. யாருடைய ஊர்த் தாள் என்று தெரிந்துவிட்ட ஆசிரியர் உடனே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

மஸாலோவின் மேசைத் துணை செனியோ. தெற்கத்தி ஆள், எவெ இனம், அவளை விடச் சில வயது இளையவன், வாய் ஓயாது. வந்த அன்றே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். காரணமில்லாமல் உறவு கொண்டாடுகிறவனை மஸாலோ எப்படிப் பார்த்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி அவளுக்குப் பழக்கமானதுதான். இரண்டில் சுவர் வைத்த சார்பு. பிள்ளைகள் வழக்கம்போல் சொதப்பியிருந்தார்கள். அந்தக் கூடத்துக்கு வந்தவை எல்லாம் தெற்கத்தித் தாள்கள்தான், அவற்றில் ஒரு தனிக் கோளாறு உண்டு. வலப்பக்கத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டு, இடப்பக்கத்துக்கு வந்ததும் 'அந்தப் பக்கமும் அப்படியே' என்று ஒரு வரியில் கை கழுவிவிடுவார்கள். அவர்கள் வழக்கத்தில் மரியாதையுள்ள பிள்ளை இடதிலிருந்து எதையும் தொடங்காது, இடதைப் பற்றி நீட்டி முழக்கவும் செய்யாது. கணக்கிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். மஸாலோ வெட்டிக்கொண்டே போனாள்.

பிறகு அந்தக் கட்டு வந்தது. முதல் தாளில் இரண்டு பக்கமும் சரி. இரண்டாவதிலும் சரி. மூன்றாவதைத் தொட்டபோதே அவளுக்கு மூக்கு வியர்த்தது. இவ்வளவு சரியாக இருந்தால் எங்கேயோ தப்பு இருக்க வேண்டும். திரும்பிப் போய்ப் பார்த்தாள். இடப்பக்க எல்லை எழுதிய வரிக்கு முன்னால் ஓரத்தில் ஒரு குறி. குட்டிக் குட்டியாக ஐந்து கோடுகள், கோழி நடந்த தடம் மாதிரி. அடுத்த தாளிலும் அது இருந்தது. கட்டைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் கோழி நடந்திருந்தது.

அந்தக் கட்டின் மறு பாதி செனியோவிடம் இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் ஒரு தாளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் உள்ளங்கையால் அந்த ஓரத்தை மறைத்தான். பல வருடம் முட்டையைக் குலுக்கியவளுக்குக் கடைசியில் அழுகல் முட்டையே கையில் கிடைத்திருக்கிறது.

"தம்பி, உங்க தாள்ல ஏதோ கிறுக்கியிருக்காப்ல இருக்கே?"

"எங்கக்கா? ஓ, இதுவா. பரீட்சை ஹால்ல கோழி வந்திருக்கும். கிராமத்துப் பள்ளிக்கூடம்னா அப்படித்தான்."

"கிராமத்துப் பள்ளிக்கூடம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். வந்த நாளிலிருந்து அவன் வாய் மூடியதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

நேரே திருத்தும் முகாமின் தலைவரிடம் போனாள். வுரோ ஐயா நாட்டின் நடுப்பகுதிக்காரர், தொழுகை நேரம் தவறாதவர், சட்டத்தை விட்டு ஒரு முழம் நகராதவர். தாள்களைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்குங்க ஐயா."

"அப்ப மொத்தக் கட்டும் செல்லாது. ஒரு பள்ளிக்கூடமே கவுந்துச்சு. நீங்க கண்டுபிடிச்சது, நீங்களே அறிக்கை எழுதுங்க. சாயங்காலம் தாள் ஏத்துற வண்டி கிளம்புறதுக்குள்ள என் கைக்கு வரணும்." கொஞ்சம் நிறுத்தி, "பாவம், பொம்பளைப் புள்ளைங்களும் இருக்கும். ஒரு வருஷம் போச்சுன்னா திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பவா போறாங்க" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. பாவம் பார்க்க வைக்கிறவர்களையும் அவள் நம்புவதில்லை. ஆனாலும் எழுதுவதற்கு முன் சாட்சியை விசாரிக்க வேண்டும், அதுவும் தனியாக.

செனியோ பள்ளி வாசலில் சோற்றுக்கார அம்மாவின் பெஞ்சில் சோளக்களி தின்றுகொண்டிருந்தான். வலது கை மணிக்கட்டு வரை கீரைக் குழம்பு. மஸாலோ எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் குறி என்னன்னு உங்களுக்குத் தெரியும். யாரு கிட்ட பேசி வெச்சீங்க? சாயங்காலம் அறிக்கை போகுது. உங்க பேரும் அதுல போகும்."

அவன் களியை உருட்டுவதை நிறுத்தினான். "அறிக்கையா? எல்லாப் புள்ளைங்களுக்குமா?"

"பின்னே பாதிப் பேருக்கா?"

சோற்றுக்கார அம்மா வேறொருவனுக்குத் தட்டு கொடுத்துவிட்டு, செனியோவைப் பார்த்து மிளகாய்க் கிண்ணம் கேட்டாள். அவன் வலது கை குழம்பில் இருந்தது. கிண்ணத்தை இடது கையால் எடுத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தன் மொழியில் ஒரு வார்த்தை சொல்லி நீட்டினான். அவளும் ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை.

மஸாலோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன சொன்னீங்க அவங்க கிட்ட?"

"அதான் அக்கா அந்தக் குறி." அவன் கையைக் கழுவினான். "சொல்லிட்டா இந்த முகாம்ல எனக்கு இடமில்லை. சொல்லலைன்னா அந்தப் புள்ளைங்களுக்கு வருஷமில்லை. சரி, கேளுங்க. ஊரு பேரு கேக்காதீங்க, வாத்தியார் பேரும் கேக்காதீங்க. என்னோட படிச்சவன். மரவள்ளி அரைக்கிற மிஷின்ல அவன் வலது கை போயிருச்சு. போர்டுல எழுதுறது, பேப்பர் கொடுக்கிறது எல்லாமே இடது கைதான். எங்க ஆளுங்க இடது கையால கொடுக்க வேண்டி வந்தா, 'இடது கை, பொறுத்துக்குங்க'ன்னு சொல்லணும். வாங்குறவங்க 'அதுவும் கைதான்'னு சொல்லணும். அவன் தினமும் சொல்றான். புள்ளைங்க கூட்டமா பதில் சொல்லுதுங்க. நானே போய்ப் பாத்திருக்கேன்."

"அதுக்கும் கணக்குக்கும் என்ன?"

"எங்க புள்ளைங்க இடப்பக்கத்தை முழுங்கிரும்ல? நீங்களே எத்தனை தாள்ல வெட்டுனீங்க. அதுக்குத்தான் அவன் ஒரு வழக்கம் வெச்சான். இடப்பக்கத்துக்கு வந்துட்டா முதல்ல ஓரத்துல ஒரு கையை வரைஞ்சிரு, அப்புறம் கணக்கைப் போடுன்னான். அஞ்சு விரலு அக்கா. கோழியெல்லாம் இல்லை."

"நல்லா கதை சொல்றீங்க தம்பி."

"நம்பாட்டி விடுங்க. நான் எப்படியும் வுரோ ஐயா கிட்ட போய், ஊரு தெரிஞ்சுபோச்சு, விலகிக்கிறேன்னு சொல்லத்தான் போறேன்." எழுந்து போய்விட்டான்.

மஸாலோ நம்பவில்லை. ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் வைத்து முடிவு கட்டுகிறவள் இல்லை அவள். கூடத்துக்கு வந்து, தன்னிடமிருந்த தாள்களோடு செனியோ விட்டுப்போன பாதியையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தாள்களையே விசாரித்தாள். பேரம் பேசிப் போட்ட குறி என்றால் முதல் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். இல்லை. x முடிவிலியை நோக்கிப் போகும் இடங்களில் பக்கம் என்பதே கிடையாது. அங்கே குறி இல்லை. மடக்கைச் சார்பு பூச்சியத்தை நெருங்கும் கேள்வியில் வலப்பக்கம் மட்டும்தான் உண்டு, இடப்பக்கம் ஆளே இல்லாத பொட்டல். அங்கேயும் ஒரு பிள்ளைகூடக் குறி போடவில்லை. இடப்பக்க எல்லை வந்தால் மட்டும் கை வந்தது. ஒரு தாளில் பிள்ளை மறந்து தாண்டிப் போயிருந்தது. பிறகு நினைவு வந்து திரும்பிவந்து, இண்டு இடுக்கில் கையை வரைந்து, பக்கத்தில் குறை முடிவிலியை நுணுக்கி எழுதியிருந்தது. இன்னொரு தாளில் கை அழகாக இருந்தது, விடை தப்பு. கீழே இருந்த குறை எண்ணை அந்தப் பிள்ளை கவனிக்காமல் மிகை என்று எழுதியிருந்தது. கை வரைந்ததால் அதற்கு அதிர்ஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை.

செனியோ ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னன.

மஸாலோவுக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பா மீது, பெஞ்சுக் காலில் துணியைக் கட்டிய வாத்தியார் மீது, யாரென்றே தெரியாத அந்த ஒற்றைக்கை வாத்தியார் மீதுகூட. அவன் கூடம் நிறைந்த பிள்ளைகள் முன்னால் இடது கையை நீட்டுகிறான், அவர்களும் பதில் சொல்கிறார்கள். அவளிடம் அந்த வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை. நாற்பது வயது வரை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையோடே தலைவரிடம் போனாள்.

வுரோ ஐயா எல்லாவற்றையும் கேட்டார். செனியோ ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் பையைக் கட்டப் போயிருந்தான். "அவன் நண்பனுக்காகச் சொல்லுவான். நீங்க எதுக்கு? காலையில நீங்கதானே குறியைக் கொண்டாந்து காட்டுனீங்க?"

"காலையில ஒரு பக்கம்தாங்க பாத்தேன். இது அடையாளம் காட்டப் போட்ட குறி இல்லை. கணக்கோட சேர்ந்த குறி. அது வர்ற இடம் ஒவ்வொண்ணையும் என்னால காட்ட முடியும்."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. பின்னாடி யாராவது கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க, நான் இல்லை. வண்டி இன்ஜினைப் போட்டாச்சு. எழுத்து சுத்தமா இருக்கணும், மேலிடத்துல படிக்க முடியலைன்னா திருப்பி அனுப்பிருவான்."

அவள் மேசைக்கு வந்து பேனாவை வலது கையில் பிடித்தாள். முதல் வரியே வேலி சாய்ந்தது. தாளைக் கசக்கி இன்னொன்று எடுத்தாள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டாவது தாளிலும் வேலி சாய்ந்தது. கூடம் நிறைய ஆசிரியர்கள். கட்டுகளைக் கட்டிக்கொண்டும் அரட்டை அடித்துக்கொண்டும் இருந்தார்கள். தாழ்ப்பாள் போட அங்கே கதவு இல்லை.

பேனாவை இடது கைக்கு மாற்றினாள்.

எழுத்து நேராக வந்தது. அவளுக்கே அது யாருடைய எழுத்து என்று சந்தேகமாக இருந்தது. குறி எங்கே வருகிறது, எங்கே வரவில்லை, ஏன் என்று நிறுத்தாமல் எழுதினாள். பக்கத்து மேசைக்காரர் பேச்சை நிறுத்திப் பார்ப்பது தெரிந்தது. இன்னொருத்தி யார் விலாவிலோ இடித்தாள். அடியில் தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

வுரோ ஐயா வந்து நின்று கையை நீட்டினார். அவள் வலது கை விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்திருந்தது. கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அவள் மாற்றவில்லை. அறிக்கையை இடது கையால் நீட்டினாள்.

"இடது கை ஐயா. பொறுத்துக்குங்க."

அவர் கை பாதியில் நின்றது. அவர் ஊரில் இதற்குப் பதில் வார்த்தை கிடையாது. அவர் அறிக்கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், வாங்கவில்லை. அப்பா தண்ணீரை வாங்காமல் உட்கார்ந்திருந்தது மஸாலோவுக்கு நினைவு வந்தது. நீட்டிய கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் பையைத் தோளில் மாட்டியபடி செனியோ நின்றிருந்தான். மழைக்கு ஒதுங்கியவன்போல, போகாமல் நின்றிருந்தான்.

"அதுவும் கைதான் அக்கா" என்றான் அங்கிருந்தே.

வுரோ ஐயா திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு அறிக்கையை வாங்கி, செல்லுபடியான தாள்கள் போகும் பெட்டியில் அந்தக் கட்டோடு சேர்த்து வைத்தார்.